பவுனம்மாவின் இஸ்திரிப்பெட்டி

துணி தேய்த்துப் பிழைக்கும் பவுனம்மாவுக்குப் புது இஸ்திரிப்பெட்டியைத் தொட்டபோதெல்லாம் ஷாக் அடித்தது. மாற்றித் தராவிட்டால் பிழைப்பே போச்சு என்று பெட்டியோடு வாங்கிய கடைக்கே போய் நின்றாள். கடை மேனேஜர் தாமோதரனோ, "எங்க பெட்டியாவது, ஷாக் அடிக்கிறதாவது! எல்லாம் உன் மனப்பிரமைம்மா. ஷாக்கை என் கண்ணுல காட்டு, மாத்தித் தரேன்" என்று கடையே அதிரக் கத்தினார்.

"பிரமையாத்தான் இருக்கும் சார். நீங்களே உங்க சட்டையை ஒரு தேய்ப்பு தேய்ச்சுக் காட்டுங்க, பேசாமப் போயிடறேன்" என்றாள் பவுனம்மா.

பெட்டி வாங்க வந்த கூட்டம் சுற்றி நின்றுகொண்டது. மேனேஜர் சட்டையைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு மர ஸ்டூலில் ஏறினார், கையுறை கேட்டார்.

"பிரமைக்கு எதுக்கு சார் கையுறை?"

கூட்டம் கையிலிருந்த பெட்டிகளை மெதுவாகக் கீழே வைத்தது. மேனேஜர் ஸ்டூலைவிட்டு இறங்காமலே கூவினார்: "அந்தம்மாவுக்கு வேற கம்பெனிப் பெட்டி குடுங்கப்பா!"