மூச்சுவிட்ட சோளக்கொல்லைப் பொம்மை

காட்டோரத்தில் ஒரு சோளக்கொல்லை. அதன் நடுவே ஒரு பொம்மை நின்றது. உடம்பு வைக்கோல், தலை கரிச்சட்டி, கண்கள் இரண்டு சுண்ணாம்புப் புள்ளி. மேலே ஒரு தொளதொளத்த சட்டை.

அது வெறும் வைக்கோல் என்பதைக் கண்டுகொண்டது சடையன் என்ற காகம் மட்டுமே. ஒரு பருக்கை கிடைத்தாலும் கரைந்து இனத்தைக் கூப்பிடுவது காக்கை வழக்கம். சடையனோ வாயைத் திறக்கவில்லை. கொல்லை முழுக்க அவனுக்கே வேண்டுமாம்!

"அந்தப் பக்கம் போயிடாதீங்க!" என்று ஆலமரத்துக் காகங்களை மிரட்டினான். "அந்தப் பொம்மை மூச்சு விடுது! நேத்து என் வாலைப் பிடிச்சு இழுத்துச்சு!"

"அய்யய்யோ! என் குஞ்சுங்க பட்டினி கிடக்குதே, அண்ணே!" என்றாள் மூக்காயி என்ற தாய்க்காகம்.

"பட்டினியைத் தாங்கிக்கலாம். அதுகிட்ட மாட்டினா எலும்புகூட மிஞ்சாது!"

பாவி! அப்போதும் அவன் வயிறு நிறையச் சோளம் இருந்தது.

தினமும் அந்தி சாய்ந்ததும் அவன் திருட்டுத்தனமாகப் போவான். தின்று முடித்துப் பொம்மையின் தோளில் அமர்ந்து அலகைத் தீட்டுவான்.

ஒருநாள் அந்தியில் இலைகூட அசையவில்லை. பொம்மையின் கை மட்டும் லேசாக ஆடியது. சடையன் தோளில் அமர்ந்தான். தோள் கதகதப்பாக இருந்தது.

'பகல் வெயில் இன்னும் ஆறவில்லை போல' என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

காலடியில் சட்டை மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபடியும் எழும்பியது.

சடையன் குனிந்து பார்த்தான். "யா... யாரது?"

சட்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "தினமும் இதே நேரம், இதே தோள்! உன்கூட யாருமே வரமாட்டாங்களா?"

சட்டென்று ஒரு பாதம் நீண்டு அவன் காலைப் பற்றியது. உள்ளே பதுங்கியிருந்தது காட்டுப்பூனை!

"கா! கா! காப்பாத்துங்க!"

ஒரு காகம் கத்தினால் ஊர்க் காகமெல்லாம் திரண்டு எதிரியைக் கொத்தி விரட்டும். அன்றும் ஆலமரமே கிளம்பியது. முன்னால் பறந்த மூக்காயி பாதிவழியில் அலறினாள்.

"சடையண்ணன் சொன்னது நெசந்தான்! பொம்மை புடிச்சிடுச்சு! எல்லாரும் திரும்புங்க!"

அத்தனை காகங்களும் திரும்பின.

"அது வெறும் வைக்கோல்!" என்று கத்த வாயெடுத்தான் சடையன். அதற்குள் கழுத்தில் பல் இறங்கிவிட்டது.

விடிந்தபோது பொம்மையின் காலடியில் சில கருஞ்சிறகுகள் கிடந்தன. சுண்ணாம்புக் கண்கள் எப்போதும்போல் ஆலமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

தன் வயிற்றுக்காகப் பிறருக்குப் பொய்ப் பூச்சாண்டி காட்டுபவன், ஆபத்து வரும்போது துணைக்கு ஆளின்றி அழிவான்.