ஆளுயரக் குப்பி

முத்தலைத்துறை என்ற கடற்கரைப் பட்டினத்தில் இருந்துகொண்டு, முன்னொரு காலத்தில் செங்கோடன் என்ற அரசன் ஆண்டு வந்தான். தன் ராணியை அவன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மாலை நேரம். யவனர் கப்பலில் வந்த திராட்சை மதுவில் ஒரு சின்னக் குப்பியை இருவருமாகக் காலி செய்திருந்தார்கள். "நாளைக்குச் சிவப்பு மதுவைத் திறப்போம்" என்று சொல்லிவிட்டு ராணி உறங்கப் போனாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதன் பின் அரசன் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான், வாங்குவதை நிறுத்தவில்லை. நிலவறை நிறையக் குப்பிகள் சேர்ந்தன.

அந்த அரண்மனையில் ஒரு பழைய முறை இருந்தது. அரசனுக்கு வார்த்த குப்பியிலிருந்து ராணியைத் தவிர வேறு யாருக்கும் வார்க்கக் கூடாது. இதைக் கட்டிக் காத்தவர் விசையராயர். சபையில் யார் எங்கே உட்காருவது, யார் முதலில் தும்முவது என்பது வரை அவர்தான் சொல்வார். மந்திரி ஆதனூராரின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஒருநாள் யவன வணிகன் ஒருவன் ஆறு பெருங்குப்பிகளைச் சபையில் இறக்கினான். ஒவ்வொன்றும் ஆளுயரம். தூக்கி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"அரசே, பெரிய குப்பியில் மது மெல்லப் பழுக்கும். உங்கள் பேரன் காலத்திலும் கெடாது" என்றான் வணிகன்.

"பக்கத்து நாட்டு அரசனிடம் இருப்பதெல்லாம் கைக்குள் அடங்கும் குப்பிகள், மன்னவா! ஆறையும் வாங்குங்கள்" என்றார் விசையராயர்.

அரசன் மந்திரியைப் பார்த்தான்.

"வணிகர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் வேண்டாம் என்பேன். குப்பி பெரிது, அரசே" என்றார் ஆதனூரார்.

"பெரிது என்றுதானே வாங்குவது!" என்று விசையராயர் சிரித்தார். "மந்திரியாருக்கு மனசு சின்னக் குப்பி போலிருக்கிறது."

சபையும் சிரித்தது. அரசனுக்குக் கோபம் வந்தது. "ஆதனூராரே, இன்று மாலை ஒன்றைத் திறக்கிறேன். 'இது பெரிது' என்று என் வாயால் நானே சொன்னால் நீர் ஜெயித்தீர். சொல்லாவிட்டால் உம்முடைய மோதிரம் விசையராயருக்கு."

"ஆகட்டும், அரசே. ஒரே ஒரு வேண்டுகோள். சபையோர் எல்லோரும் இருக்க வேண்டும். ஆளுக்கொரு கோப்பையும் வேண்டும்."

"வெறுங்கோப்பைதானே? முறைக்கு விரோதமில்லை" என்றார் விசையராயர்.

மாலையில் குப்பியைத் திறந்தார்கள். பழுத்த நாவலும் நனைந்த சந்தனக்கட்டையும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை மண்டபம் முழுவதும் பரவியது. அரசன் ஒரு கோப்பை குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"எப்படி, மன்னவா?" என்றார் விசையராயர். கை அப்போதே மோதிர விரலைத் தடவிக்கொண்டிருந்தது.

"அமிர்தம்."

இரண்டாவது கோப்பையை எடுத்தபோது யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. அரசன் நிமிர்ந்தான். அத்தனை பேரும் வெறுங்கோப்பையை ஏந்திக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழட்டுச் சேனாபதி மூக்கைக் குப்பிப் பக்கம் நீட்டியிருந்தார்.

"என்ன சேனாபதி அது?"

"வாசனைக்கு முறையில் தடை இல்லையே, அரசே."

மூன்றாவது கோப்பை பாதிக்கு மேல் இறங்கவில்லை. அரசன் வணிகனிடம் கேட்டான், "பேரன் காலம் வரைக்கும் இருக்கும் என்றாயே, மிச்சத்தை மூடி வைக்கலாமா?"

"திறக்காத வரைக்கும்தான் அந்தக் கணக்கு, அரசே. திறந்த பிறகு நாளைக்கே சுவை இறங்கிவிடும். அப்புறம் புளிக்காடிதான்."

அரசன் குப்பியைப் பார்த்தான். அதன் கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் குறைந்திருந்தது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"இது பெரிது" என்றான். "என் ஒருவனுக்கு ரொம்பப் பெரிது."

விசையராயரின் கை மோதிர விரலிலிருந்து இறங்கியது.

"ஜெயித்தீர், ஆதனூராரே. இதைக் காலையிலேயே வாயால் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன், அரசே. குப்பியின் அளவைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். ராணியார் போன பிறகு உங்களுக்கு எதிரே யாரும் கோப்பை ஏந்தி உட்கார்ந்ததில்லை. அதை எப்படிச் சபையில் சொல்வேன்?"

அரசன் எழுந்தான். "மந்திரியின் கோப்பையை முதலில் கொண்டு வாருங்கள்."

"மன்னவா, முறை!" என்று விசையராயர் அலறினார்.

"முறையை மாற்றிவிட்டேன். இனி பெருங்குப்பி திறந்தால் சபையோடுதான். நீரே எல்லோருக்கும் வார்த்துக் கொடும், விசையராயரே. பழைய முறையைக் காக்க ஒருவராவது வேண்டுமே, அதனால் உமக்குக் கிடையாது."

விசையராயர் ஆள் ஆளாகக் குனிந்து வார்த்துக்கொண்டே போனார். சேனாபதி மட்டும் இரண்டு தடவை நீட்டினார். வணிகனிடமிருந்து அரசன் இன்னும் ஒரே ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு, மற்ற நான்கையும் கப்பலுக்கே திருப்பி அனுப்பினான்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திறந்த குப்பி காலி. அடியில் ஒரு விரல் அளவுக்கு வண்டல் மட்டும் இருந்தது.