மாற்றி மாற்றிக் காவல்

பனிமலைக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று வேட்டங்குளம் ஏரியில் வந்து இறங்கியது. அதிலிருந்த சீதளி என்ற குஞ்சுக்கு அதுதான் முதல் பயணம். இறக்கைகள் ஓய்ந்துபோயிருந்தன.

"வலி தீரும்வரை தண்ணீரிலேயே இரு. கரையில் நரி திரிகிறது" என்று சொல்லிவிட்டு, தாய் மற்ற வாத்துகளோடு தொலைவிலுள்ள வயல்களுக்கு மேயப் போனது.

சீதளிக்குப் புல் தின்றுதான் பழக்கம். ஏரியிலோ பாசிதான் இருந்தது, அதுவும் அடியில். மதியம்வரை பசியோடு மிதந்தது.

அந்த ஏரியிலேயே வாழும் நாமக்கோழி என்ற நீர்ப்பறவையின் குஞ்சு மினுக்கி நீந்தி வந்து, "ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை?" என்று கேட்டது.

"எங்கள் நாட்டில் சாப்பாடு தரையில் இருக்கும்."

மினுக்கி சிரிக்கவில்லை. முங்கி எழுந்து, ஒரு கொத்துப் பாசியை அதன் முன்னால் போட்டது. சேற்று வாடை அடித்தது. சீதளி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. இரண்டாவது வாய் அவ்வளவு மோசமில்லை. வாலைத் தூக்கி, தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாசி பறிக்கவும் மினுக்கி சொல்லிக்கொடுத்தது.

மாசியில் ஏரி பாதி வற்றியது. பாசி அழுகியது. இப்போது வயலுக்குப் பறக்கச் சீதளிக்குத் தெம்பு இருந்தது. ஆனால் மினுக்கி பட்டினி கிடக்கையில் போக மனம் வரவில்லை.

"கரையெல்லாம் புல் இருக்கிறதே, மேயலாமே" என்றது.

"குனிந்து மேய்ந்தால் நரி வருவது தெரியாது. என் அக்காவை அங்கேதான் பிடித்தது."

"எங்கள் நாட்டில் ஒருவர் மேயாமல் காவல் நிற்பார். வயிறு நிறைந்தவர் வந்து அவரை மாற்றிவிடுவார்."

முண்டன் என்ற நாமக்கோழி குறுக்கே பேசியது. "தன் வயிற்றைக் காயவிட்டு அடுத்தவருக்குக் காவலா? இங்கே அதெல்லாம் வழக்கமில்லை."

"அப்படியானால் முதலில் நான் நிற்கிறேன்" என்றது சீதளி.

நாமக்கோழிகள் தயங்கித் தயங்கிக் கரையேறின. சீதளி கழுத்தை நீட்டி நின்றது. சற்று நேரத்தில் புதருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

"நரி! தண்ணீருக்குப் போங்கள்!"

எல்லாம் ஏரியில் பாய்ந்தன. முண்டனின் வாலுக்கு ஒரு சாண் பின்னால் நரியின் வாய் வெறும் காற்றைக் கவ்வியது. ஏமாந்த நரி திரும்பிப் போனது.

முண்டனுக்கு மூச்சு அடங்க நேரமாயிற்று. பிறகு மெல்லச் சொன்னது: "நீ போய் மேய், பிள்ளை. இப்போது நான் நிற்கிறேன்."

மாலையில் தாய் வந்து, "இன்றும் வயலுக்கு வரவில்லையே, எங்கே மேய்ந்தாய்?" என்று கேட்டது.

"நம் ஏரியில்தான் அம்மா" என்றது சீதளி.

புது நாட்டில் கிடைப்பதை நன்றியோடு பெற்றுக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை மனமாரக் கொடுப்பவருக்கு அந்த நாடும் சொந்த நாடாகிவிடும்.