எல்லா விதிக்கும் பொருந்திய தேர்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த நாட்டை ஆண்டவர் இறையப்ப பூபதி. நல்ல மனிதர்தான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். இதற்குத் தூங்குமூஞ்சி ராஜாவே தேவலை என்று குடிமக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அவருக்குத் தேர்ப்பந்தயம் என்றால் உயிர். தலைநகரத்துக்கு மேற்கே வற்றிப்போன ஏரி ஒன்று கிடந்தது. மக்கள் கரையைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். உள்ளே தேர்கள் ஓடும். அந்தத் தேர்களுக்குக் கூரையும் கிடையாது, சக்கர மூடியும் கிடையாது. நாலு சக்கரமும் வெளியே தெரியச் சுழலும்; ஓட்டுபவன் நடுவில் குந்திக்கொண்டு போவான். வென்ற தேரில் மன்னரே ஏறி ஏரியை ஒரு சுற்று வருவார். அது அவருடைய பாட்டன் காலத்திலிருந்து வந்த வழக்கம்.

வருஷா வருஷம் ஜெயித்தவன் பூவலிங்கம். கெட்டிக்கார ஓட்டி. எப்போதும் அவனே ஜெயித்தால் பார்க்கிறவருக்கு அலுக்காதா? ஒரு வருஷம் பந்தயத்தின் நடுவிலேயே மன்னர் கொட்டாவி விட்டார். பக்கத்தில் இருந்த பிரதானி மல்லப்பர் அந்தக் கொட்டாவிக்காகத்தான் காத்திருந்தார்.

"மகாராஜா, தேர் கட்டும் விதிகளை ஆண்டுதோறும் மாற்றிவிடலாம். பிறகு வெல்பவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது."

மன்னருக்கு அது பிடித்துவிட்டது. விதி எழுதும் வேலை மல்லப்பருக்கே வந்தது. மல்லப்பருக்குச் சொந்தத்தில் ஒரு தேர்ப்பட்டறை உண்டு. புது விதி சபையில் அறிவிக்கப்படும் நாளிலேயே, அதற்கு ஏற்ற தேர் அவர் பட்டறையில் சாயம் காயாமல் நின்றுகொண்டிருக்கும். எப்படி என்று கேட்டவன் ஒரே ஒருவன்தான். அவன் அரண்மனை விகடன் வேம்பையன். அவன் கேட்டதற்கு மன்னர் சிரித்தார். மன்னர் சிரித்தால் மல்லப்பருக்கு வயிறு எரியும். அன்றிலிருந்து அவருக்கு வேம்பையனைக் கண்டாலே ஆகாது.

முதலில் தேரின் அகலத்தைக் குறைத்தார்கள். அடுத்து கனத்தைக் குறைத்தார்கள். அதற்கும் அடுத்து ஒன்று வந்தது பாருங்கள்: இனிமேல் பாதி வேகம் குதிரையினுடையதாக இருக்க வேண்டும், மறு பாதி காற்றினுடையதாக இருக்க வேண்டும்! தேரின் பின்னால் கப்பலுக்குக் கட்டுவதுபோல ஒரு பாய் கட்டி, நேர்வழியில் விரித்து, வளைவில் மடக்க வேண்டும். இரண்டு கையிலும் கடிவாளம் இருக்கும்போது பாய்க்கயிற்றை எதனால் இழுப்பது? ஓட்டிகள் பல்லால் கடித்து இழுத்தார்கள்.

ஏரியின் தென்கோடியில் சுடுகாட்டை ஒட்டி ஒரு வளைவு உண்டு. போன வருஷப் பந்தயத்தில் முத்திருளன் என்ற ஓட்டி அங்கே கயிற்றைக் கடித்து இழுத்தான். பாய் மடங்கவில்லை. காற்று தேரைத் தூக்கிவிட்டது. எந்தச் சுடுகாட்டுப் பக்கம் போய் விழுந்தானோ அங்கேயே அவனை எரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊரில் அந்தப் பேச்சு கிளம்பியது. பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்குள் சக்கரச் சத்தம் கேட்கிறதாம். எட்டிப் பார்த்தால் தேர் இருக்காதாம். விடிந்து போய்ப் பார்த்தால் மணலில் புதுத்தடம் இருக்குமாம், ஆனால் ஒரு குளம்படிகூட இருக்காதாம். தடம் அந்த வளைவு வரைக்கும் போகுமாம், அப்புறம் இருக்காதாம். ஆடு மேய்ப்பவர்கள் ஏரிப்பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வருஷத்துப் புது விதிகளை மல்லப்பர் சபையில் எழுந்து நின்று சொன்னார்.

"தேரின் கனம் ஒரு கன்றுக்குட்டியின் கனத்துக்கு மேல் போகக் கூடாது. அகலம் ஓட்டியின் இடுப்புக்கு மேல் போகக் கூடாது. சக்கரத்தின் பருமன் கட்டைவிரலுக்கு மேல் போகக் கூடாது. அரண்மனை ஓட்டியான பூவலிங்கம், அடியேன் பட்டறையில் தயாராக உள்ள தேரையே ஓட்ட வேண்டும்."

வேம்பையனுக்குத் திக்கென்றது. பூவலிங்கம் அவனுடைய தங்கை செங்கமலத்தின் புருஷன். ஆனாலும் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"மகாராஜா, அடுத்த ஆண்டு குதிரையையும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லிவிடலாம். பாரம் இன்னும் குறையும்."

மன்னர் தொடையைத் தட்டிச் சிரித்தார். மல்லப்பர் முகம் கறுத்தது. ஆனால் குரல் தேனாக வந்தது.

"விகடருக்கு விதிகள் விளையாட்டாகத் தெரிகின்றன. அப்படியானால் இந்த விதிகள் அனைத்துக்கும் பொருந்திய ஒரு தேரை அவரே கொண்டுவரட்டும். கொண்டுவந்துவிட்டால் பூவலிங்கம் என் தேரில் ஏற வேண்டாம். கொண்டுவராவிட்டால் பூவலிங்கம் ஏறட்டும், அவனுக்குப் பின்னால் விகடரும் ஏறட்டும்."

"நல்ல வேடிக்கை! அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர். வேடிக்கை பார்ப்பவருக்கு எல்லாம் வேடிக்கைதான்.

வேம்பையன் தங்கை வீட்டுக்குப் போனான். செங்கமலம் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, அந்தத் தேரை நான் பாத்துட்டு வந்தேன். மூங்கில் பிளாச்சும் துணியும். கால் வைக்கிற எடத்துல பலகைகூட இல்ல. ரெண்டு வாரு கட்டியிருக்கு. பாடையக்கூட அதவிட உறுதியாக் கட்டுவாங்க. இவரு திரும்பி வர மாட்டாருண்ணே."

பூவலிங்கம் மனைவியை அதட்டப் பார்த்தான். அதட்டல் வரவில்லை. "மச்சான், எனக்குச் சாகப் பயமில்லன்னு வெளிய சொல்லிக்கிறேன். ஒங்ககிட்ட என்னத்துக்குப் பொய்? விழுந்து கெடந்த முத்திருளனத் தூக்குனது நான்தான். அந்தக் கயிறு அவன் பல்லுலயே இருந்துச்சு."

"விடுங்க மாப்பிள்ள. தேரு கொண்டாறேன்" என்றான் வேம்பையன். எங்கிருந்து கொண்டுவருவது என்று அவனுக்கே தெரியாது.

யோசித்துக்கொண்டே நடந்தவன் கால் போன போக்கில் ஏரிக்குள் இறங்கிவிட்டான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மணலில் ஒரு தடம் தெரிந்தது. மல்லப்பரின் ஆட்கள் திருட்டுத்தனமாகத் தேரை ஓட்டிப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் குனிந்தான். தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. விதி அறிவித்தது அன்று காலையில்தான். சுற்றிலும் தேடினான். குளம்படி ஒன்றுகூட இல்லை.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கடகடவென்று நெருங்கி அவன் தோளை உரசுவதுபோலப் போயிற்று. காற்று பட்டது, தேர் தெரியவில்லை. அவன் கண்முன்னே மணல் பிளந்து இரண்டு கோடுகள் வளைவை நோக்கி ஓடின. வளைவில் ஒரு சத்தம். முரட்டுக் கயிற்றைப் பல்லால் நெறுநெறுவென்று கடிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

வேம்பையன் ஓடினான். நாட்டையே சிரிக்க வைப்பவன், செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அவனுக்கு அவ்வளவு பயம். ஆனால் வீட்டுக்கு ஓடவில்லை; கண்ணுக்குத் தெரியாத தேரை எவர் அளக்க முடியும் என்று ஓட்டத்திலேயே ஒரு யோசனை வந்துவிட்டது. முத்திருளனின் மனைவி காத்தாயி வீட்டு வாசலில் போய் நின்றான். மூச்சு வாங்க, "முத்திருளனோட கடிவாளம் இருந்தா குடு தாயி" என்று கேட்டான். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். இவளுடைய துக்கத்தை நம் விளையாட்டுக்கு எடுக்கிறோமே என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. வாங்கிக்கொண்டான்.

பந்தய நாள். நல்ல உச்சி வெயில். கரை நிறைய ஜனம். புது விதிக்கு ஏற்ற தேர் கட்ட வேறு எவராலும் முடியவில்லை. ஒரு பக்கம் மல்லப்பரின் தேர், தும்மினால் விழுந்துவிடுவதுபோல நின்றது. பக்கத்தில் பூவலிங்கம் வாடி நின்றான். வேம்பையன் கடிவாளத்தை மட்டும் கையில் பிடித்து, பின்னால் எதையோ இழுத்து வருகிறவன் மாதிரி நடந்து வந்தான்.

"தேர் எங்கே?" என்றார் மன்னர். "இதோ நிற்கிறதே மகாராஜா. அளந்து பார்க்கச் சொல்லுங்கள்" என்றான் வேம்பையன்.

"இங்கே ஒன்றுமே இல்லை!" என்று மல்லப்பர் கத்தினார்.

"பிரதானி அவர்களே, தேர் இதற்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேல் போகக் கூடாது என்றுதான் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதியிலாவது எழுதியிருக்கிறீர்களா? என் தேர் இடுப்புக்கு மேல் போகவில்லை. கட்டைவிரலுக்கு மேல் போகவில்லை. கனத்தைத் தராசில் பார்த்துவிடுவோம்."

கரை முழுக்கச் சிரிப்பு. மன்னரும் மீசையை நீவிக்கொண்டு சிரித்தார். பெரிய தராசைக் கொண்டுவந்து ஒரு தட்டில் கன்றுக்குட்டியை நிறுத்தினார்கள். மறு தட்டு வெறுமையாக மேலே போயிற்று. வேம்பையன் வேடிக்கையாக வணங்கிக் கடிவாளத்தின் நுனியை அந்த வெறுந்தட்டை நோக்கி நீட்டினான். தட்டு ஒரு முறை ஆடியது. பிறகு, யாரோ எதையோ மெதுவாக இறக்கி வைத்ததுபோல, கொஞ்சம் கீழே இறங்கியது. கன்றுக்குட்டி மிரண்டு கத்தியது. சிரித்துக்கொண்டிருந்த ஜனம் ஓய்ந்துவிட்டது. வேம்பையன் ஓரடி பின்னால் நகர்ந்தான். இது அவன் ஏற்பாட்டில் இல்லை.

மல்லப்பர் விடவில்லை. "தேர் என்றால் ஓட வேண்டும். ஓடிக் காட்டட்டும்!"

மன்னர் கையசைத்தார். பறை முழங்கியது. இதற்கு வேம்பையன் ஒரு பதிலை நாள் கணக்கில் தயார் செய்து வைத்திருந்தான். 'ஓடி முடித்துவிட்டதே மகாராஜா, தாங்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டீர்கள்' என்று சொல்லி அனைவரையும் சிரிக்க வைத்து, கும்பிடு போட்டுத் தப்பிவிடலாம் என்று இருந்தான். வாயைத் திறந்தான். கையிலிருந்த கடிவாளம் வெடுக்கென்று பறிபோயிற்று.

சக்கரங்கள் கடகடத்தன. வெட்டவெளியில் புழுதி எழுந்து நீண்டது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, மணலில் மெலிந்த தடங்கள் தாமாகவே கீறிக்கொண்டு போயின. சத்தம் தென்கோடியை நெருங்கியது. எல்லோருக்கும் அந்த வளைவு தெரியும்.  பல்லால் கயிறு கடிக்கும் சத்தம், அவ்வளவு தொலைவிலிருந்து, ஒவ்வொருவர் காதோரத்திலும் கேட்டது.

படாரென்று பாய் மடங்கும் சத்தம் கேட்டது. சத்தம் வளைவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

"வந்துட்டாரு" என்று கூட்டத்தில் காத்தாயி எழுந்து நின்றாள். அழுதாள் என்றும் சொல்ல முடியாது, சிரித்தாள் என்றும் சொல்ல முடியாது. "வளைவு திரும்பி வந்துட்டாரு."

புழுதி மன்னரின் மேடைக்கு நேரே வந்து நின்றது. கடிவாளம் மட்டும் அந்தரத்தில், யாரோ பிடித்திருப்பதுபோல விறைத்துக்கொண்டிருந்தது. மன்னரின் சிரிப்பு எப்போதோ போய்விட்டது. வேம்பையனுக்கும் ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பூவலிங்கத்தின் உயிர் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். மன்னர் முன்னால் போய்க் கை கூப்பினான்.

"மகாராஜா, தங்கள் விதிகள் அனைத்துக்கும் பொருந்திய தேர் வென்றுவிட்டது. வழக்கப்படி தாங்கள் ஏறி ஒரு சுற்று வர வேண்டும்."

ராஜாவுக்கு ரோஷம் உண்டே. இத்தனை ஜனத்தின் முன்னால் பின்வாங்க முடியுமா? மேடையிலிருந்து இறங்கினார். வலது காலைத் தூக்கி வெறும் வெளியில் வைத்தார். கால் எதையோ தொட்டது. பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேம்பையா, இதில் நிற்க இடமே இல்லையே!"

"பிரதானி கட்டிய தேரிலும் இல்லை மகாராஜா. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டோம். இந்த விதிகளுக்குச் சரியாகப் பொருந்துகிறவன் செத்தவன் ஒருவன்தான். பூவலிங்கத்தையும் பொருத்தித்தான் ஆக வேண்டுமா?"

மன்னர் பூவலிங்கத்தைப் பார்த்தார், காத்தாயியைப் பார்த்தார். பிறகு மல்லப்பர் பக்கம் திரும்பினார். "விதியை எழுதியவர் தாங்கள். எனக்குப் பதிலாகத் தாங்கள் ஏறுங்கள்."

கடிவாளம் மெதுவாக மல்லப்பர் இருந்த பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். தலைப்பாகை ஒரு பக்கம், அங்கவஸ்திரம் ஒரு பக்கமாகப் பிரதானி கரைமேல் விழுந்தடித்து ஓடினார். அவர் ஓடிய வேகத்தைப் பார்த்து, "மகாராஜா, பாதி வேகம் காற்றினுடையதா என்று பாருங்கள்!" என்று வேம்பையன் கூவினான். மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் நடுங்கிக்கொண்டு வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது கடிவாளம் மணலில் கிடந்தது.

அங்கேயே கட்டளை பிறந்தது. பழைய அகலம், பழைய கனம், பாய் வேண்டாம். இனி எவர் புது விதி எழுதினாலும் அந்த விதிப்படி கட்டிய தேரில் முதலில் அவரே ஏறி ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகு அந்த நாட்டில் விதி எழுத யாரும் முன்வரவில்லை. செங்கமலம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து புருஷனின் கையைப் பிடித்தவள், வீடு போகும்வரை விடவில்லை.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டார். பந்தயத்துக்கான பரிசையும் அவனுக்கே தரப் போனார்.

"மாலை என் வாய்க்கு மகாராஜா. பரிசு ஓட்டியவனுக்கு" என்றான் அவன். பரிசாக இருந்த ஜோடிக் குதிரையும் தோட்டமும் காத்தாயிக்குப் போயின.

மறுநாள் விடிந்து ஏரியைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: அந்தத் தடம் வளைவில் நிற்கவில்லையாம். கரையேறி, சுடுகாட்டைக் கடந்து, அப்பால் போய்விட்டதாம். அதற்குப் பிறகு பொழுது சாயும் நேரத்தில் சக்கரச் சத்தம் கேட்டவர் எவரும் இல்லை.

ஆனால் பந்தயம் நடந்த அன்று சாயங்காலம், பரிசெல்லாம் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு அரண்மனைக்குத் திரும்பிய மன்னர் கால் கழுவ உட்கார்ந்தார். வலது பாதத்தின் அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று அச்சுக்குப் போடும் வண்டி மை அப்பியிருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். அவர் இருந்த காலம்வரை அது போகவே இல்லை.