சமையல்கூடத்துச் சிரிப்பு

ஏரிக்கரை மடத்தின் பின்கட்டில் வடிவம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் வடிவம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும் பல வருடங்களாக அவரைத்தான் குருவாக நினைத்து ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"ஒருத்தரைச் சிரிக்க வைக்கறது பாவமுங்களா?"

"யாரைச் சிரிக்க வச்சீங்க?"

குழந்தைவேலு சொல்லத் தொடங்கினார்.

அவர் ஒரு பெரிய சமையல்கூடத்துக்கு மேனேஜர். சுற்றிலும் உள்ள மில்களுக்கு மதியச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். நாள் முழுக்க ஆவியிலும் வெக்கையிலும் நின்று செய்யும் வேலை. அவருக்கு முன்னால் மேனேஜராக இருந்தவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தான் அப்படி இருக்கக் கூடாது என்று குழந்தைவேலு முதல் நாளே முடிவு செய்திருந்தார். காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து வேலை பிரித்துக் கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு தமாஷ் சொல்வார். கூடமே சிரிக்கும். சிரிப்போடு வேலை தொடங்கும்.

அங்கே திருமூர்த்தி என்று ஒருவர். அண்டாக்களைப் பார்த்துக்கொள்பவர். அவருக்குத் திக்குவாய். அவர் பேச வாயெடுத்தால் குழந்தைவேலு கையை உயர்த்துவார்.

"ரேடியோவுல இன்னும் ஸ்டேஷன் கிடைக்கலை. யாராச்சும் ஒரு தட்டு தட்டுங்கப்பா."

எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் முற்பகல், அண்டாவுக்கு ஆவி கொண்டுபோகும் குழாய் மூட்டிலிருந்து பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் பருப்பு கிளறிக்கொண்டிருந்த மயிலாத்தாளின் கை முழங்கை வரை வெந்துபோனது. குழந்தைவேலுதான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். திருமூர்த்தியும் கூடப் போனார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது திருமூர்த்தி தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"கா... காலையிலேயே பார்த்தனுங்க சார். மூட்டுல ஆவி க... கசிஞ்சுது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

திருமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க சார்" என்றார்.

குழந்தைவேலுவுக்கு அந்த வரிசை கண்முன் வந்தது.

"அன்னைக்கிலிருந்து நான் தமாஷே பேசறதில்லைம்மா" என்றார் வடிவம்மையிடம். "வேலையைச் சொல்லிட்டு ரூமுக்குப் போயிடறேன். இப்ப நான் உள்ளே நுழைஞ்சா கரண்டிச் சத்தம்கூட நின்னு போகுது. சாருக்கு என்ன கோபமோன்னு ஒருத்தி அழுதுட்டா. பேசினாலும் தப்பு, பேசாட்டியும் தப்பு. வேண்டாம்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பனே. ஏன் சொல்லலை?"

வடிவம்மை கையிலிருந்த காயை உரித்து முடித்தார்.

"அங்கே உங்களைப் பத்தி என்ன சொல்லிச் சிரிக்கறாங்க?"

"என்னைப் பத்தியா? தெரியலைங்களே."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

மறுநாள் குழந்தைவேலு போய்க் கேட்டார். ஆளாளுக்கு இல்லையென்று தலையை ஆட்டினார்கள்.

"உங்களைப் பத்திச் சிரிக்க என்னங்க சார் இருக்குது?"

அடுத்த நாள் மீண்டும் கேட்டார். அன்று பலர் பாத்திரம் கழுவும் பக்கம் போய்விட்டார்கள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ரூமில் குடிக்கும் டீயை எடுத்துக்கொண்டு வந்து, அவர்கள் உட்காரும் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே ஒன்றின்மேல் உட்கார ஆரம்பித்தார். முதலில் எல்லாரும் அவசரமாகக் குடித்தார்கள். டம்ளரைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார்கள். நாள் போகப்போக யாரோ மகளின் சடங்கைப் பற்றிப் பேசினார்கள். யாரோ வாடகை வீட்டுக்காரரைத் திட்டினார்கள். குழந்தைவேலு கேட்டுக்கொண்டிருந்தார்.

மயிலாத்தாள் கை ஆறி வேலைக்குத் திரும்பினார். கையில் தோல் வெளுத்திருந்தது. வந்த சில நாட்களில், டீ நேரத்தில், அவர் சட்டென்று சொன்னார்:

"ஏனுங்க திருமூர்த்தி, அதைச் செஞ்சு காட்டுங்க."

யாரோ மயிலாத்தாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எதை?" என்றார் குழந்தைவேலு.

"ஒண்ணுமில்லைங்க சார்" என்றார் ஒருவர்.

"பரவாயில்லை. காட்டட்டும்."

திருமூர்த்தி எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். வயிற்றை முன்னால் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அசல் குழந்தைவேலு. மயிலாத்தாள் அவரது இடப்பக்கம் போய் நின்று, "சார், அரிசி வண்டி வரலைங்க" என்றார்.

"நல்லது, நல்லது" என்று தலையை ஆட்டினார் திருமூர்த்தி.

"சார், ரசத்துல பல்லி விழுந்திருச்சுங்க."

"அப்படியே பண்ணிடுங்க."

ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

குழந்தைவேலுவுக்கு இடது காது கேட்பது குறைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகனுக்குக்கூடத் தெரியாது. கேட்காதபோது தலையை ஆட்டிச் சமாளித்துவிடுவார். ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தியின் கைகள் பின்னால் கட்டியபடியே நின்றுவிட்டன.

குழந்தைவேலு சிரித்தார். உரக்கவே சிரித்தார். பிறகுதான் மற்றவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, வரிசையில் திருமூர்த்தி கையைத் தூக்கினார்.

"சார், ரெ... ரெண்டாவது அடுப்புல கே... கேஸ்..."

சொல் வரவில்லை. குழந்தைவேலு அருகில் போய் வலது காதைக் கொடுத்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அடுப்பில் கேஸ் வாசனை வருகிறது என்று திருமூர்த்தி சொல்லி முடிக்கும்வரை கூடமே காத்திருந்தது. அன்று அந்த அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஆள் வந்து பார்த்து, திருகு பழுது என்று மாற்றிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு குழந்தைவேலு மடத்துக்கு வந்தார். வடிவம்மை துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அவரது வலப்பக்கம் நின்றிருந்த குழந்தைவேலு, சுற்றிக்கொண்டு வலது காது அவர் பக்கம் வருமாறு நின்றார். நடந்ததையெல்லாம் சொன்னார். குரலில் நிம்மதி இருந்தது.

"நல்ல காரியம்" என்றார் வடிவம்மை. "காது டாக்டரைப் பார்த்தீங்களா?"

"நாளைக்குப் போறேன்."

"அவர் நடிச்சுக் காட்டினப்போ எப்படி இருந்துது?"

குழந்தைவேலு ஏரியைப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"வலிச்சுதும்மா. வீட்டுக்குப் போயும் சாப்பாடு இறங்கலை."

"வலிக்குதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"வேற என்ன பண்ணினீங்க?"

"சிரிச்சேன்."

வடிவம்மை கடைசித் துணியை உதறிப் போட்டார்.

"அங்கே நீங்கதான் மேனேஜர்" என்றார். "உங்களாலேயே சொல்ல முடியலையே."