ராசா வாங்கிய நீள மேசை

முன்னொரு காலத்தில் செங்காட்டுச் சீமையை விசயகேது என்று ஒரு ராசா ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காதுதான் ரொம்பச் சொகுசு. யாராவது குரலை உயர்த்தினால் தலைவலி வந்துவிடும். அதனால் அவன் சபையில் ஒரு வழக்கம். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்ல வேண்டும், அவர் அடுத்தவர் காதில், அப்படியே ராசா வரைக்கும். உரக்கப் பேசினவனை என்ன ஏதென்று கேட்காமலே வெளியே தள்ளிவிடுவார்கள். பழைய மேசை சின்னது, நாலே பேர், அதனால் பாதகமில்லாமல் ஓடியது.

அந்த மேசையைக் கரையான் அரித்துவிட்டது. புதிது எப்படி இருக்க வேண்டும் என்று ராசா கேட்டான். கை நீட்டினால் ராசாவைத் தொடுகிற மாதிரி சின்ன வட்ட மேசை போதும் என்றார் மந்திரி திருமேனியார். அவரைக் கண்டாலே வயிறெரியும் சேனாதிராயர் என்ற பிரபு விடுவாரா? பக்கத்து நாட்டிலேயே இல்லாத நீளத்தில் தேக்கு மேசை போடலாம், அந்தஸ்துப்படி ஆளை உட்கார்த்தலாம் என்று ஓதினார். ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேசை வந்தது. தலைமாட்டில் ராசா, பக்கத்தில் சேனாதிராயர், மந்திரிக்குக் கடைக்கோடி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெரிய ஏரிக்கரையில் வெடிப்பு கண்டிருப்பதாகக் காவலாள் ஓடி வந்தான். கரைக்குக் கீழே பள்ளப்பட்டி. மந்திரியின் தங்கை சிவகாமி வாக்கப்பட்ட ஊர். ராசா உத்தரவில்லாமல் மதகைத் திறக்க முடியாது. மந்திரி சபையில் சொல்லியனுப்பினார். முதல் ஆள் பெரிய வெடிப்பைச் சின்னதாக்கினான். அடுத்தவன் வெடிப்பையே விட்டுவிட்டான். ராசா முகம் சுளித்தால் யார் தாங்குவது? கடைசியில் சேனாதிராயர், ஏரி ததும்புகிறது, குடிகள் வாழ்த்துகிறார்கள் என்று முடித்தார். பதிலுக்கு ராசாவிடமிருந்து வெற்றிலைத் தட்டு வந்தது. சொன்னது போய்ச் சேரவில்லை என்று மந்திரிக்குப் புரிந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை.

மறுநாள் சபை கூடுவதற்குள் ராசாவின் ஆசனக் காலை இறுக்கியிருந்த மர முளையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். தெரிந்தால் தலை போகும். போனால் போகட்டும் என்று இருந்தது அவருக்கு. எல்லோரும் உட்கார்ந்ததும் செய்தி அனுப்பினார். அது காது காதாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேனாதிராயர் பல்லைக் காட்டிக்கொண்டு குனிந்தார்.

"தங்கள் ஆசனம் என்றைக்கும் அசையாதாம், மகாராசா. நன்றாகச் சாய்ந்து அமரச் சொல்கிறார்."

ராசா சாய்ந்தான். அடுத்த நொடி கால் இரண்டும் மேலே, கிரீடம் மேசைக்கு அடியில். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

எழுந்தவன் நேரே மந்திரியிடம் வந்தான். "என்ன சொல்லி அனுப்பினீர்?"

"ஆசனம் முறியும், எழுந்துவிடுங்கள் என்றேன். முளையைப் பிடுங்கியவனும் நான்தான்."

"நேற்று?"

"கரை உடையும், மதகைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன்."

ராசாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மதகைத் திறக்கச் சொல்லி அரண்மனையே அதிரும்படி கத்தினான். குதிரைகள் பறந்தன. பாதி ஊரை வெளியேற்றினார்கள். மதகு திறப்பதற்குள் கரை போய்விட்டது. சிவகாமி மீதிப் பாதியில் இருந்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு சபை கூடியது. சேனாதிராயரின் பட்டத்தையும் பட்டாடையையும் எல்லோர் முன்னாலும் பறித்துக்கொண்டான் ராசா. மந்திரியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பொன்னா, நிலமா, என்ன வேண்டும் என்று கேட்டான்.

மந்திரி உட்காரவில்லை. "பள்ளப்பட்டியில் சிதை அடுக்கக் காய்ந்த சுள்ளி ஒன்றுகூட இல்லை, மகாராசா. என் தங்கை இன்னும் ஈரத்தில் கிடக்கிறாள். இந்த மேசையைக் கொடுங்கள்."

ராசா எழுந்தான். அவனே ஒரு முனையைத் தூக்கினான், மறுமுனையைச் சேனாதிராயர் தூக்கினார். நல்ல நீள மேசை, குறை சொல்லக் கூடாது. செத்த அத்தனை பேருக்கும் போதுமானதாக இருந்தது.