ஆள் எண்ணத் தெரியாத பெட்டி

ஒரு ஊர்ல, நாலாவது மாடி வீட்ல, ஒரு பெட்டி இருந்துது. உள்ளங்கை அளவுதான். சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு, பச்சைக் கண்ணை முழிச்சுக்கிட்டு இருக்கும். ம் கொட்டு, இல்லாட்டி எழுந்து போயிடுவேன்.

அதை வாங்கி மாட்டினவன் தினகர். இது ஏ.ஐ., தானே கத்துக்கும், வீணா ஓடறதையெல்லாம் அணைச்சு கரண்டை மிச்சம் பிடிக்கும்னு பொண்டாட்டி ரோகிணிக்கு லெக்சர் அடிச்சான். நல்லதுதானேன்னு அவளும் தலையாட்டினா.

அப்புறம் அவன் ஆபீஸ் போனான். இவ உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கா, டொக். ஃபேன் நின்னுபோச்சு. சாயங்காலம் சொன்னா. கத்துக்கிட்டிருக்கு, பொறுன்னான்.

மறுநாள் அவன் கிளம்பிப் போனப்புறம் மிக்ஸி. கர்ர்ர்னு ஓடிக்கிட்டிருந்துது, டொக். சட்னி பாதி, தேங்காய் பாதி. நீ எதையாவது தப்பா அமுக்கியிருப்பேன்னான். எம்.எஸ்ஸி. படிச்சவளைப் பாத்து!

ம்? முழிச்சிருக்கியா? கேளு.

அப்புறம் ஒருநாள், அவன் ஆபீஸ்ல இருக்கறப்போ, அதே வீட்ல இருந்த அவனோட அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துடுச்சு. மருந்துப் புகை விடற மெஷினை ரோகிணி மூக்குல வச்சு விட்டா. உஸ்ஸ்னு ஓடுது... டொக். அந்தம்மாவுக்குக் கண்ணு மேல சொருகுது. ரோகிணி ஒரு கையில மாமியார், ஒரு கையில மெஷின், எதிர்வீட்டுக்கு ஓடினா. அங்க ப்ளக்கைச் சொருகினதும்தான் மூச்சு வந்துது.

அப்போ தினகருக்கு போன் போட்டா. பறந்து வந்தான். அவன் இன்னும் லிஃப்ட்ல ஏறக்கூட இல்ல, இவங்க வீட்ல டொக் டொக் டொக்னு ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எல்லாம் எரியுது. ராஜா வர்றாராம்! அப்போதான் அவளுக்குப் புரிஞ்சுது.

"வீட்ல யார் யார் இருக்காங்கன்னு இது கேட்டப்போ யாரைப் போட்டீங்க?"

"என் போனை மட்டும்தான். அது வெளிய போனா வீடு காலின்னு அர்த்தம்."

"உங்கம்மா மூச்சு விடறதுக்கும் போன் வச்சிருக்கணுமா?"

 ரோகிணி அவன் போனைப் பிடுங்கி, மாமியார் எப்பவும் வீட்லதான்னு போட்டா, தன் பேரைப் போட்டா, அந்த மெஷினைத் தொடவே கூடாதுன்னு போட்டா. அப்புறம் பார்க்கணுமே! ஆளில்லாத ரூம்ல அவன் ஆஃப் பண்ணாம விட்டுட்டு வந்த ஏ.சி., டொக். அவன் மறந்த கீசர், டொக். கரண்ட் நிஜமாவே மிச்சமாச்சு. பெட்டி என்ன பண்ணும், சொன்னதைக் கேட்டுது.

என்ன? அவன் பேரை எடுத்துட்டாளாவா? இல்லடி, அதுவும் இருக்கு. மறந்து போறதுக்கு அவ என்ன உங்கப்பாவா?

கதை அவ்ளோதான். கண்ணை மூடு.